நங்கூரமிட்ட படகுகளும் ரிலாக்சர் பாலிமரும்

போன தடவை பாம்பனுக்குப் போயிருந்தபோது சித்தப்பா ஒரு தூண்டில் நரம்புச் சுருளை என் கையில் கொடுத்தார். பார்க்கத் தங்கூசி (நைலான் நரம்பு) மாதிரியே இருந்தது. “ஏன்டா தம்பி, நீ இந்தப் பிளாஸ்டிக் பத்தித்தானே படிக்கிற? இது சாதா தங்கூசியைவிடக் கூட விலை சொல்றான். தண்ணிக்குள்ள விட்டா கண்ணுக்கே தெரியல. அப்படி என்னதான் இதுல இருக்கு?” என்று கேட்டார்.

சுருளின் மேல் ஃபுளூரோகார்பன் என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பெயரில் விற்கும் தூண்டில் நரம்பு, பாலிவினைலிடீன் ஃபுளூரைடு என்ற பாலிமரால் ஆனது. வாய்க்குள் நுழையாத பெயர். இனி பிவிடிஎஃப் என்றே சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய அதே பொருள் சித்தப்பாவின் தூண்டில் பெட்டிக்குள் கிடந்ததைப் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம். அன்றைக்கு அவருக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. வலை இழுக்க ஆள் வேண்டும் என்று யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். முழுவதையும் இங்கே எழுதுகிறேன். பிளஸ் டூ இயற்பியல் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கரையில் நின்று படகுகளைப் பார்த்த பழக்கம் இருந்தால் போதும்.

சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் சுலபம். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. நைலானுக்கு அது 1.5-ஐத் தாண்டும். பிவிடிஎஃப்புக்கு 1.42. நரம்பின் எண் தண்ணீரின் எண்ணை எவ்வளவு நெருங்குகிறதோ, அவ்வளவுக்கு ஒளி வளையாமல் நேராகக் கடந்துபோகும். மீனின் கண்ணுக்கும் நரம்பு தட்டுப்படாது. அடர்த்தியும் 1.78, நைலானைப்போல ஒன்றரை மடங்கு. அதனால் சட்டென்று மூழ்கிவிடும். வெயிலோ உப்புத்தண்ணீரோ அதை லேசில் அசைக்காது. இந்தக் கடைசிக் குணத்தை நினைத்தால் எனக்குக் கவலையும் வரும். அறுந்த நரம்பு கடலில் மக்கவே மக்காது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளப்பாறையில் அது சுற்றிக்கொண்டால் அப்படியே கிடக்கும். அறுந்த துண்டைக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று சித்தப்பாவிடமும் சொன்னேன்.

சரி, நான் சொல்லவந்தது வேறு. இந்தப் பாலிமரை மெல்லிய படலமாக்கி, அதன் சங்கிலியில் கொஞ்சம் கலப்பும் செய்தால், அது ரிலாக்சர் ஃபெரோஎலெக்ட்ரிக் என்ற விசித்திரமான பொருளாக மாறுகிறது. அந்தக் குணம் அதற்கு எங்கிருந்து வருகிறது?

சங்கிலியிலிருந்து தொடங்குவோம். பிவிடிஎஃப் என்பது கார்பன் அணுக்கள் கைகோத்த நீண்ட சங்கிலி. ஒரு கார்பன்மேல் இரண்டு ஹைட்ரஜன், அடுத்த கார்பன்மேல் இரண்டு ஃபுளூரின், அப்புறம் மறுபடி இரண்டு ஹைட்ரஜன் என்று மாறிமாறி வரும். எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதில் ஃபுளூரினை மிஞ்சிய தனிமம் கிடையாது. அதனால் ஃபுளூரின் இருக்கும் பக்கம் கொஞ்சம் எதிர்மின்னாகவும், ஹைட்ரஜன் இருக்கும் பக்கம் கொஞ்சம் நேர்மின்னாகவும் ஆகிவிடும். இதுதான் மின் இருமுனை. ஒவ்வொரு அலகையும் ஒரு சிறு படகாக நினைத்துக்கொள்ளுங்கள். படகுக்கு அணியம் ஒரு பக்கம், பின்பக்கம் ஒரு பக்கம் இருப்பதுபோல, இந்த அலகுக்கும் ஒரு திசை உண்டு.

இனி ஃபெரோஎலெக்ட்ரிக் என்றால் என்ன என்று பார்ப்போம். பெயரில் ‘ஃபெரோ’ இருந்தாலும் இரும்புக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இரும்புக் காந்தம் காந்தப்புலத்தில் எப்படி நடந்துகொள்கிறதோ, அப்படி இது மின்புலத்தில் நடந்துகொள்வதால் வந்த பெயர். 1920-இல் அமெரிக்காவில் ஜோசப் வலசெக் இதை முதலில் ரோஷல் உப்பில் கண்டார். உப்பு என்றதும் வாலிநோக்கம் உப்பளத்தில் விளையும் உப்பு நினைவுக்கு வரலாம். அது சோடியம் குளோரைடு. அதன் படிகம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருப்பதால் அதற்கு இந்தக் குணம் வராது. ரோஷல் உப்பு சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட், அது வேறு வகை.

ஜெட்டியில் ஆயிரம் நாட்டுப்படகுகளை அருகருகே கயிறு போட்டுப் பிணைத்து நிறுத்தியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடைக்காற்றில் எல்லாவற்றின் அணியமும் வடக்கே பார்த்து நிற்கிறது. காற்று மாறிச் சோழகம் (தென்காற்று) லேசாக வீசத் தொடங்கினால் ஒன்றும் திரும்பாது. பக்கத்துப் படகு விட்டால்தானே இது திரும்பும்? காற்று வலுத்து ஒரு கட்டத்தைத் தாண்டியதும் மொத்த வரிசையும் ஒன்றாகத் திரும்பித் தெற்கே பார்க்கும். அப்புறம் காற்று நின்றாலும் தெற்கே பார்த்தபடியே நிற்கும். பழைய திசைக்குக் கொண்டுவர மறுபடி பலமான வாடை வேண்டும்.

இந்தப் பிடிவாதத்தைத்தான் நம் பாடப்புத்தகங்கள் தயக்கம் என்று எவ்வளவு அழகாகச் சொல்கின்றன! காந்தத் தயக்கக் கண்ணியை வரைந்து மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதே கொழுத்த கண்ணிதான் இங்கேயும் வரும். படுக்கை அச்சில் மின்புலம், செங்குத்து அச்சில் மின்முனைவாக்கம் (இருமுனைகள் மொத்தத்தில் எவ்வளவு ஒரே பக்கம் பார்க்கின்றன என்ற கணக்கு), அவ்வளவுதான் வித்தியாசம். பிவிடிஎஃப் குடும்பத்தில் திசையைத் திருப்ப ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுக்குச் சுமார் 50 வோல்ட் வேண்டும். திருப்பிய திசை நிலைத்து நிற்பதால் அதை நினைவகமாகவும் பயன்படுத்தலாம்.

ஆனால் பிவிடிஎஃப்பை உருக்கி ஆறவைத்தால் இந்தக் குணம் வந்துவிடாது. உருகி ஆறும்போது சங்கிலி வளைந்து நெளிந்து ஆல்ஃபா என்ற வடிவத்தில் படிகமாகும். அதில் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் எதிரெதிர் திசை பார்ப்பதால் மொத்தத்தில் மின்முனைவு பூஜ்யம். அதை இழுத்து நீட்டினால் சங்கிலி நேராகி, ஃபுளூரின் எல்லாம் ஒரு பக்கமும் ஹைட்ரஜன் எல்லாம் மறு பக்கமுமாக நிற்கும் பீட்டா வடிவத்துக்கு மாறும். 1969-இல் ஜப்பானைச் சேர்ந்த ஹெய்ஜி கவாய் இப்படி நீட்டி, மின்புலமும் கொடுத்த படலத்தில், அழுத்தினால் மின்சாரம் வருவதைக் கண்டறிந்தார். வெறும் பிளாஸ்டிக் என்று ஒதுக்கிய வகையிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று அதுவரை யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. சித்தப்பாவின் நரம்பும் இழுத்து நீட்டியதுதான், ஆனால் யாரும் அதற்கு மின்புலம் கொடுத்து ஒரே திசைக்குக் கொண்டுவரவில்லை. “அப்போ இதுல கரண்ட் வராதா?” என்றார். இப்போதைக்கு இது வெறும் நரம்புதான், சித்தப்பா.

மெல்லிய படலத்துக்கு வந்தால் ஒரு சிக்கல். கண்ணாடியின்மேலோ சிலிக்கான் வில்லை என்ற மெல்லிய தகட்டின்மேலோ ஒட்டியிருக்கும் படலத்தை எப்படி இழுத்து நீட்டுவது? அதற்கு வேதியியலில் வழி கிடைத்தது. சில அலகுகளில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு மூன்றாவதாக ஒரு ஃபுளூரினை வைப்பது. அந்த அலகுக்கு டிரைஃபுளூரோஎத்திலீன் என்று பெயர். கூடுதல் ஃபுளூரின் இடத்தை அடைப்பதால் சங்கிலியால் சௌகரியமாக நெளிய முடிவதில்லை. இழுக்காமலே நேராக நின்றுவிடுகிறது. நூற்றில் 70 பங்கு பழைய அலகும் 30 பங்கு புதிய அலகுமாகச் சேர்த்த கூட்டுப்பாலிமர் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை நல்ல ஃபெரோஎலெக்ட்ரிக். அதற்கு மேல் சூடு ஏறினால் படகுகளின் கயிறெல்லாம் அவிழ்ந்ததுபோல ஒழுங்கு கலைந்துவிடும். அந்த வெப்பநிலைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர்.

ரிலாக்சர் என்ற சொல் பாலிமரிலிருந்து வந்ததில்லை. 1950-களில் சோவியத் நாட்டில் ஸ்மோலென்ஸ்கியின் குழு ஈயம், மக்னீசியம், நயோபியம் சேர்ந்த ஓர் ஆக்சைடு பீங்கானை அளந்து பார்த்தது. சாதாரண ஃபெரோஎலெக்ட்ரிக்கைச் சூடாக்கிக்கொண்டே மின்காப்பு மாறிலியை, அதாவது மின்புலத்துக்கு அது எவ்வளவு இசைந்து முனைவாகிறது என்று சொல்லும் எண்ணை, அளந்தால், கியூரி வெப்பநிலையில் கூர்மையான ஒரு சிகரம் தெரியும். எந்த அதிர்வெண்ணில் அளந்தாலும் சிகரம் அதே இடத்தில்தான் இருக்கும். அந்தப் பீங்கானில் அப்படி இல்லை. சிகரம் மேடுபோல் பரந்து கிடந்தது. அதிர்வெண்ணைக் கூட்டக் கூட்ட மேட்டின் உச்சி அதிக வெப்பநிலைப் பக்கம் நகர்ந்தது. தயக்கக் கண்ணியும் கொழுப்பு வற்றி ஒல்லியாகிவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்துதான் ரிலாக்சரின் அடையாளம்.

இதைப் படகுகளோடு சேர்த்துப் பாருங்கள். நான் இதைப் புரிந்துகொண்டதே அப்படித்தான்.

நாட்டுப்படகு வரிசைக்கு நடுவே, பத்துக்கு ஒன்றாக அங்கங்கே பெரிய விசைப்படகுகளை நுழைத்துவிடுங்கள். இனிமேல் வரிசை முழுவதையும் இறுக்கிக் கட்ட முடியாது. நடுவே நடுவே இடைவெளி விழும். நாலைந்து படகுகள் சேர்ந்த சின்னச் சின்னக் கூட்டங்களாக வரிசை உடையும். ஒரு கூட்டத்துக்குள் எல்லாம் ஒரே திசை பார்க்கும். ஆனால் இந்தக் கூட்டம் வடக்கே பார்த்தால் அடுத்தது கிழக்கே பார்க்கும், மூன்றாவது வேறெங்கோ. மேலே நின்று பார்த்தால் மொத்தத்தில் எந்தத் திசையும் இல்லை.

இப்போது லேசான காற்று வந்தாலே போதும். ஒவ்வொரு கூட்டமும் தானாகத் திரும்பும், ஏனென்றால் அதைப் பிடித்து இழுக்க ஆயிரம் படகு இல்லை. காற்று நின்றதும் அலையாட்டம் அவற்றைப் பழையபடி ஆளுக்கொரு திசையில் கலைத்துவிடும். தயக்கம் ஏறக்குறைய இல்லை. கண்ணி ஒல்லியாவதற்குக் காரணம் இதுதான். அந்த அலையாட்டம் பொருளுக்குள் வெப்பம். படகுக் கூட்டத்துக்கு முனைவுள்ள நானோ பகுதி என்று பெயர் சொல்கிறார்கள். அளவு நானோமீட்டர் கணக்கில்.

அதிர்வெண் கதையும் இதிலேயே வந்துவிடுகிறது. காற்று நொடிக்கு நொடி திசை மாறினால் சின்னக் கூட்டங்கள்தான் ஈடுகொடுத்துத் திரும்பும், பெரியவை அசைவதற்குள் காற்று மாறிவிடும். நிதானமாக மாறினால் பெரியவையும் கலந்துகொள்ளும். வெவ்வேறு அளவுக் கூட்டங்கள் வெவ்வேறு வேகத்தில் திரும்புவதால் சிகரம் பரந்து விரிகிறது. வேகமான அதிர்வெண்ணுக்கு ஈடுகொடுக்க அதிக வெப்பம் வேண்டியிருப்பதால் உச்சி மேல்நோக்கி நகர்கிறது.

குளிர்த்தினால் என்ன ஆகும்? சாயல்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அடுப்பிலிருந்து இறக்கிய பாகு முதலில் கரண்டிக்கு எளிதாகச் சுற்றும். ஆற ஆறக் கனக்கும். கடைசியில் கொஞ்சம் ஆறினாலே கை வலிக்கும் அளவுக்கு இறுகிவிடும். இந்த நிமிடம்தான் இறுகியது என்று ஒரு கோடு போட முடியாது. ரிலாக்சரின் கூட்டங்களும் இப்படித்தான் உறைகின்றன. கண்ணாடிகள் இறுகுவதை விளக்கும் வோகல்–ஃபுல்ச்சர் சமன்பாடே ரிலாக்சருக்கும் பொருந்துவது இதனால்தான். நன்றாக உறைந்தபின் மின்புலம் கொடுத்தால் கொழுத்த கண்ணி திரும்பத் தலைகாட்டும்.

சரி, பாலிமரில் அந்தப் பெரிய விசைப்படகு எது? பீங்கானில் அது மின்னேற்றக் கலப்படம். மக்னீசியமும் நயோபியமும் வெவ்வேறு மின்னேற்றம் கொண்டவை. படிகத்தில் ஒரே வகை இடத்தில் தாறுமாறாக உட்கார்ந்துகொள்கின்றன. அதனால் இடத்துக்கு இடம் புலம் மாறி, நீண்ட ஒழுங்கு உடைகிறது. பாலிமரில் கதை வேறு. இங்கே இருமுனைகள் தனித்தனியாக இல்லை, ஒரே சங்கிலியில் கோத்திருக்கின்றன. ஒன்று திரும்ப வேண்டுமென்றால் சங்கிலியே முறுக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே சங்கிலியின் வடிவத்தைக் குலைப்பதுதான் வழி.

அதை முதலில் செய்துகாட்டியது 1998-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜாங் குழு. கூட்டுப்பாலிமர்ப் படலத்தின்மேல் வேகமான எலக்ட்ரான்களைப் பாய்ச்சினார்கள். எலக்ட்ரான்கள் பட்ட இடங்களில் சங்கிலிகள் குறுக்கே பிணைந்தன, நேராக நின்றவை நெளிந்தன. பெரிய ஒழுங்கு உடைந்து நானோ கூட்டங்கள் மிஞ்சின. மின்புலம் கொடுத்தபோது படலம் சுமார் 4 சதவீதம் அளவு மாறியது. அழுத்தினால் மின்சாரம் தரும் வழக்கமான பீசோ பீங்கான் 0.1 சதவீதத்தைச் சுற்றித்தான் அசையும் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்று புரியும். ஆனால் ஒவ்வொரு படலத்தையும் எலக்ட்ரான் முடுக்கி இருக்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? கதிர்வீச்சு சங்கிலியை வெட்டிப் பாழாக்குவதும் உண்டு.

அடுத்து வந்ததுதான் என் மனதுக்குப் பிடித்த வழி. பாலிமரைத் தயாரிக்கும்போதே மூன்றாவதாக ஓர் அலகைக் கொஞ்சமாகச் சேர்ப்பது. குளோரோஃபுளூரோஎத்திலீன் என்ற அந்த அலகில் ஒரு ஃபுளூரினுக்குப் பதில் ஒரு குளோரின் இருக்கும். அணுவின் அளவை நினைத்துப் பாருங்கள். ஹைட்ரஜனின் வான்டர்வால்ஸ் ஆரம் (அணு எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று காட்டும் அளவு) 1.2 ஆங்ஸ்ட்ராம், ஃபுளூரினுக்கு 1.47, குளோரினுக்கு 1.75. நூற்றுக்கு ஏழெட்டு அலகில் இந்தக் குளோரின் இருந்தாலே போதும். அது படிகத்துக்குள் முண்டியடித்து உட்கார்ந்து, பக்கத்துச் சங்கிலிகளைத் தள்ளிவைத்துவிடும். சங்கிலிகளுக்கு இடையே இருந்த பிடி தளரும். நேராக நின்ற சங்கிலியும் அந்த இடத்தில் மடங்கும். நம் வரிசையில் நுழைந்த விசைப்படகு இதுதான்.

இதில் அளவு ரொம்ப முக்கியம். இன்னும் பெரிய அலகை நுழைத்தால் இன்னும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. ஹெக்ஸாஃபுளூரோபுரொப்பிலீன் என்று ஓர் அலகு உண்டு. அதன் பக்கவாட்டில் ஒரு கார்பனும் மூன்று ஃபுளூரினும் கும்பலாக நிற்கும். அது படிகத்துக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிது. படிகம் வளரும்போது அதைப் பெரும்பாலும் வெளியே ஒதுக்கிவிடும். படிகத்தின் பங்குதான் குறையும், உள்ளே இருக்கும் ஒழுங்கு உடையாது. குளோரின் அலகின் சிறப்பு, நுழையும் அளவுக்குச் சிறியதாகவும் நுழைந்தபின் இடிக்கும் அளவுக்குப் பெரியதாகவும் இருப்பது.

பலன் எண்களில் தெரியும். பாலித்தீனின் மின்காப்பு மாறிலி 2.3 அளவு. சாதாரண பிவிடிஎஃப்புக்கு 10-ஐ ஒட்டி. இந்த மும்மைப் பாலிமருக்கு அறை வெப்பநிலையிலேயே 50-ஐத் தொடுகிறது. மைக்ரோமீட்டருக்கு 150 வோல்ட் கொடுத்தால் படலம் சுமார் 7 சதவீதம் அளவு மாறும். பிளாஸ்டிக் படலம் ஒன்று தசையைப்போல அசைவதை ஒருமுறை நேரில் பார்த்தால் மறக்க முடியாது.

குளோரினோடு விளக்கம் முடிந்தது என்றுதான் ரொம்ப நாள் நானும் நினைத்தேன். 2020-இல் அதே பென்சில்வேனியாவிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. அதைச் சொல்ல நமக்குச் சங்கு வேண்டும்.

கீழக்கரை, இராமேசுவரம் பக்கம் சங்கு குளிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும், கிடைப்பதெல்லாம் இடம்புரிதான், வலம்புரி கிடைப்பது அபூர்வம். இரண்டும் ஒரே உயிரினம், ஒரே சுண்ணாம்பு, ஆனால் சுழி மட்டும் எதிர்ப்பக்கம். கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல, ஒன்றை எப்படித் திருப்பி வைத்தாலும் மற்றதன்மேல் பொருந்தாது. மூலக்கூறுகளிலும் இப்படி உண்டு. கைரல் தன்மை என்பார்கள். டிரைஃபுளூரோ அலகில் ஒரு கார்பன்மேல் ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஃபுளூரினும் இருக்கின்றன அல்லவா? அந்த ஃபுளூரின் சங்கிலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து அலகு இடம்புரியாகவோ வலம்புரியாகவோ ஆகிவிடும். கடலில் வலம்புரி அபூர்வம். பாலிமர் சங்கிலியிலோ இரண்டும் எந்த வரிசையும் இல்லாமல் கலந்து வரும்.

டிரைஃபுளூரோ அலகின் பங்கு பாதியை நெருங்கும்போது சங்கிலி நேராக நிற்பதைவிட்டு, மூன்று அலகுக்கு ஒரு சுற்றாகச் சுருள விரும்பும். ஆனால் இடம்புரியும் வலம்புரியும் கலந்து கிடக்கும்போது சுருள் ஒழுங்காக அமையுமா? முறுக்குக் கோணம் இடத்துக்கு இடம் கொஞ்சம் கோணிக்கொள்ளும். ஒழுங்கில்லாத சுருள். அந்த ஆய்வின் முடிவு, பாலிமரில் ரிலாக்சர் குணம் பிறப்பது இந்த வடிவக் குலைவிலிருந்துதான், அதற்குச் சங்கிலியின் கைரல் தன்மை அவசியம் என்பது. அதாவது குளோரினே சேர்க்காவிட்டாலும் அந்தக் குணத்துக்கான விதை சங்கிலிக்குள் இருக்கிறது. இரண்டு விளக்கமும் ஒன்றையொன்று வெட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. குளோரின் செய்வதும் கடைசியில் சங்கிலியை மடக்குவதுதானே. பீங்கானில் எந்த அணு எங்கே உட்கார்ந்தது என்பது குலைகிறது. பாலிமரில் சங்கிலி எப்படி முறுக்கிக்கொண்டது என்பது குலைகிறது. புதிதாகப் படிப்பவர்கள் இந்த ஒரு வேறுபாட்டை இறுகப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றவை தானாக விளங்கும்.

இதெல்லாம் மெல்லிய படலத்தில் எப்படி இருக்கும்? எதற்காக மெலிதாக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மைக்ரோமீட்டருக்கு 50 வோல்ட் என்றேன். 20 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தாளுக்கு 1,000 வோல்ட் வேண்டும். 100 நானோமீட்டர் படலத்துக்கு 5 வோல்ட் போதும். போன் சார்ஜர் கொடுப்பது. அதனால்தான் எல்லாரும் படலத்தின் பின்னால் ஓடுகிறார்கள்.

பாலிமரைக் கரைப்பானில் கரைத்து, சுழலும் வில்லையின்மேல் சொட்டினால் மெலிதாகப் பரவும். பிறகு 120, 130 டிகிரியில் வைத்துப் பதப்படுத்த வேண்டும், அப்போதுதான் படிகம் வளரும். நான் முதன்முதலில் இதைச் செய்தது ஐப்பசி மழையில், கடலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில். கண்ணாடிபோல் வரவேண்டிய படலம் ஒவ்வொரு முறையும் பால்போல் வெளுத்து வந்தது. ஒரு வாரம் பாலிமரைச் சந்தேகித்தேன், அப்புறம் கரைப்பானை. கடைசியில் குற்றவாளி நம்ம ஊர் ஈரக்காற்று! கரைப்பான் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீரில் பிவிடிஎஃப் கரையாது. அதனால் படலம் காய்வதற்குள் பாலிமர் திரிந்து, உள்ளே நுண்ணிய ஓட்டைகள் விழுந்து, ஒளியைச் சிதறடிக்கிறது. வில்லையை முன்கூட்டியே சூடாக்கிச் சொட்டியபின் படலம் தெளிந்தது. அந்தத் தெளிந்த படலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த சாயங்காலம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இன்னொரு முறை உண்டு, அது இன்னும் அழகானது. ஜெட்டியில் டீசல் சிந்தினால் தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் மெல்லப் பரவுமே, அதுபோலப் பாலிமர்க் கரைசலைத் தண்ணீர்மேல் பரவவிட்டு, ஒரு மூலக்கூறு தடிமனுள்ள ஏட்டை அப்படியே வில்லைக்கு எடுப்பது. லாங்மியூர்–பிளாஜெட் முறை என்று பெயர். 1998-இல் அமெரிக்க, ரஷ்ய ஆய்வாளர்கள் இப்படி இரண்டே ஏடு எடுத்து, 1 நானோமீட்டர் தடிமனிலும் ஃபெரோஎலெக்ட்ரிக் குணம் இருப்பதைக் காட்டினார்கள்.

படலம் மெலிய மெலிய ரிலாக்சர் குணத்தோடு வேறு சங்கதிகளும் கலக்கும். படிகம் வளர இடம் போதாது. கீழே இருக்கும் வில்லை படலத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் சுதந்திரமாக நீளவோ சுருங்கவோ முடியாது. உலோக மின்முனையை ஒட்டிய சில நானோமீட்டர் அடுக்கு சரியாக வேலை செய்யாது. தடித்த தாளில் அந்த அடுக்கு கணக்கிலேயே வராது. 50 நானோமீட்டர் படலத்தில் அது பெரிய பங்கு. இவையெல்லாம் சிகரத்தை இன்னும் பரவலாக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அதிர்வெண்ணோடு சிகரம் நகர்ந்தாலே ரிலாக்சர் என்று எழுதிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது போதாது. பிவிடிஎஃப் முழுக்கப் படிகம் இல்லை, ஏறக்குறைய பாதி ஒழுங்கில்லாத பகுதி. அந்தப் பகுதி மைனஸ் 40 டிகிரியை ஒட்டி இறுகும்போதும் அதிர்வெண்ணோடு நகரும் ஒரு மேடு வரும். அது எந்தப் பாலிமரிலும் வருவது, ரிலாக்சர் அல்ல. அதேபோல விரல் பட்ட உப்போ, உப்புக்காற்றில் வந்து படிந்த சோடியமோ படலத்துக்குள் இருந்தால், குறைந்த அதிர்வெண்ணில் அயனிகள் நகர்ந்து மின்காப்பு மாறிலியைப் பொய்யாகத் தூக்கிக் காட்டும். கண்ணி ஒல்லியாக இருக்கிறதா, சூடாக்கும்போதும் குளிர்த்தும்போதும் சிகரம் ஒரே இடத்தில் வருகிறதா, எக்ஸ் கதிரில் சங்கிலிகளுக்கு இடைப்பட்ட தூரம் உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம்பலாம். கடற்கரையில் இருந்து வேலை செய்கிறவர்கள் கையுறையை மறக்கவே கூடாது.

பயன் என்று கேட்டால், செயற்கைத் தசை, தொட்டால் அதிரும் திரை, நிறைய மின்னாற்றலைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கி என்று பலவற்றுக்கு முயல்கிறார்கள். எனக்கு ஆசை குளிரூட்டலில். மின்புலம் கொடுத்ததும் படகுக் கூட்டங்கள் எல்லாம் ஒரே திசைக்கு வரும். ஒழுங்கு கூடுவதால் பொருள் கொஞ்சம் சூடாகும். அந்தச் சூட்டை வெளியே விட்டபின் மின்புலத்தை எடுத்துவிட்டால் கூட்டங்கள் கலையும். கலைவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்ளும், பொருள் குளிரும். 2008-இல் இந்தப் பாலிமர்ப் படலங்களில் சுமார் 12 டிகிரி வரை வெப்பநிலை மாற்றத்தைக் காட்டினார்கள். வாயு வேண்டாம், கம்ப்ரஸர் வேண்டாம்.

இதைச் சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். “அப்போ இனிமே படகுக்கு ஐஸ் ஏத்த வேண்டாமா?” என்று உடனே கேட்டார். இன்னும் வேண்டும், சித்தப்பா. படலம் மைக்ரோமீட்டர் கணக்கில்தான் இருக்கிறது. 12 டிகிரி குளிர்ந்தாலும் அதன் எடைக்கு ஏற்ற வெப்பத்தைத்தான் எடுக்கும். ஒரு பெட்டி மீனைக் குளிர்விக்க இப்படிப் பல ஆயிரம் அடுக்கு வேண்டும், ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே மின்முனை வேண்டும், ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தாலும் மின்புலம் தாங்காமல் அந்த அடுக்கு பொசுங்கிவிடும். “ஈரக்காத்துல வெளுத்துப் போச்சுன்னியே, அந்த மாதிரி ஓட்டையா?” என்றார். ஆமாம், அதே ஓட்டைதான்.